ஏற்றத்தில் இழுவை போகிறதா? டர்போவைக் கழற்றும் முன் டேங்கைப் பாருங்கள்!

கேள்வி: ‘‘விளைச்சலை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கிறோம். காலியாகப் போகும்போது நன்றாக ஓடுகிறது. லோடு ஏற்றி மேடு ஏறினால் திடீரென இழுவை போய்விடுகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் எடுப்பதில்லை. பட்டறையில் டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?’’

- வாசகர், தேனி மாவட்டம்.

பதில்: டர்போ கெட்டிருக்கலாம். ஆனால், அது கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை ஏழெட்டு இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குச் செலவு சில நூறு ரூபாய்தான். சிலவற்றுக்கு அதுவும் இல்லை. இதே குறையோடு மூன்று வாரம் அலைந்த, சுருளிப்பட்டி பக்கத்துப் பன்னீர் திராட்சை விவசாயி ஒருவரின் அனுபவம் இதற்குப் பொருத்தமானது.

மூன்று பட்டறை, ஒரு நோட்டு

வாடகை வேனை நம்பிக் காத்திருக்க முடியாமல், கடன் வாங்கி ஒரு பழைய பிக்கப் வண்டியை அவர் எடுத்திருந்தார். விடியற்காலையில் கொத்து வெட்டி, 20 கிலோ பெட்டிகளில் அடுக்கி, கூடலூர், லோயர்கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏற்றிப் போவது வழக்கம். ஒரு நாள் மலைச்சாலையில் பாதி ஏறும்போது, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல வண்டி தளர்ந்துவிட்டது. ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றார். மறுபடி எடுத்தபோது ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை.

பன்னீர் திராட்சைக்கு வெயில் ஆகாது. பழம் காம்பிலிருந்து உதிர ஆரம்பித்தால், வியாபாரி விலையைக் குறைக்கத்தான் செய்வார். அந்த மூன்று வாரத்தில் நான்கு லோடு தாமதமாகப் போய்ச் சேர்ந்து, நான்கிலும் விலை அடிபட்டது.

முதல் பட்டறையில் டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். இரண்டு நாள் சரியாக ஓடியது. இரண்டாவது பட்டறையில் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து பெரிய பில் கொடுத்தார்கள். பலன் இல்லை. மூன்றாவது இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ‘டீசல் அழுத்தம் குறைவு’ என்று வருவதால் பெரிய பம்பையே மாற்ற வேண்டும் என்றார்கள். கையில் பணம் இல்லை. வீட்டு நகையை அடகு வைப்பது என்று முடிவானது.

அந்த வீட்டில் வரவு செலவு நோட்டு எழுதுவது அவருடைய மனைவி. எந்த நாளில் எத்தனை பெட்டி போனது, எங்கே வண்டி நின்றது, எவ்வளவு நேரம் தாமதம் என எல்லாவற்றையும் அதே நோட்டில் குறித்து வைத்திருந்தார். நகையை எடுத்துக் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கணவரிடம் நீட்டினார்.

‘‘ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. காலியா திரும்பி வரும்போது ஒரு நாளும் நிக்கல. ஏத்தத்துலதான் நிக்குது. அதுவும் பத்து நிமிசம் நிறுத்துனா பழையபடி ஓடுது. கெட்டுப்போன சாமான் பத்து நிமிசத்துல எப்படிங்க தானா சரியாகும்?’’

அந்த நோட்டோடு கம்பத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் வண்டியைத் தொடவே இல்லை. நோட்டைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

‘‘அண்ணே, டீசல் நேரா பங்க்குல போடுவீங்களா, கேன்ல வாங்கி ஊத்துவீங்களா?’’

‘‘கேன்தான் தம்பி. ஆயில் இன்ஜினுக்கும் சேத்து வாங்கி வெச்சிருவோம்.’’

‘‘கேனுக்கு மூடி இருக்காண்ணே?’’

மூடி தொலைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பாலித்தீன் பையை மடித்து, வாயில் வைத்துக் கயிறு கட்டித்தான் பயன்படுத்தினார்கள்.

மெக்கானிக், டேங்குக்குப் போகும் டீசல் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் கழற்றி, சுத்தமான டீசல் நிரப்பிய தனிக் கேனில் மாட்டினார். கேனை அசையாமல் கட்டி, மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் ஏறிப் பார்த்தார். வண்டி எங்கும் தளரவில்லை. பம்ப், இன்ஜெக்டர், டர்போ எதிலும் குறை இல்லை என்பது அந்த ஒரு சோதனையில் தெரிந்துபோனது. டேங்கை இறக்கிக் கவிழ்த்தபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலித்தீன் துண்டும், அடியில் கறுப்புச் சகதியும் வந்தன.

சமதரையில் காலியாக ஓடும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். லோடோடு ஏறும்போது அதிகம் தேவை. உறிஞ்சும் வேகம் கூடியதும், மிதந்துகொண்டிருந்த பாலித்தீன் குழாயின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. இன்ஜினை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று, அது விலகிவிடுகிறது. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வில் சருகு அடைத்தால் தண்ணீர் குறைவதும், நிறுத்திப் போட்டால் மறுபடி கொட்டுவதும் எல்லோரும் பார்த்ததுதான். அதேதான் இங்கும் நடந்தது.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. டீசல் அழுத்தம் குறைந்தது உண்மை. ஆனால், ஏன் குறைந்தது என்று ஸ்கேனர் சொல்லாது. இலை மஞ்சளாவதைப் பார்த்ததும் நோய் என்று மருந்து அடிப்பவரும் உண்டு. தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுவதாலும் இலை மஞ்சளாகும். வண்டிக்கும் வேரிலிருந்துதான் பார்த்து வர வேண்டும்.

முதலில் இன்ஜினா, வெளியிலா என்று பிரியுங்கள்

ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் இரைச்சல் கூடுகிறதா என்று கவனியுங்கள். இரைச்சல் கூடியும் வேகம் கூடவில்லை என்றால் இன்ஜினில் பலம் இருக்கிறது, அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கருகிய வாடையும் வரும்.

அடுத்து சக்கரம். சமதரையில் 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் பிடிக்காமல் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடு வீசினால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுக்க விடுபடாமல் இருப்பதும் உண்டு. டயரில் காற்றுக் குறைவு, அனுமதிக்கு மேல் பாரம் ஆகியவையும் இழுவையைத் தின்னும்.

இந்த இரண்டும் இல்லை, மிதித்தாலும் இன்ஜின் இரைச்சலே கூடவில்லை என்றால் குறை இன்ஜின் பக்கம். டீசல் இன்ஜினுக்குக் காற்று வேண்டும், டீசல் வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும். மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

காற்று

மண் பாதையில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன கணக்கு பொருந்தாது. ஏர் ஃபில்டரை அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கம்ப்ரசர் காற்றை அருகில் வைத்து வேகமாக அடித்தால் காகிதம் கிழிந்து, தூசி நேராக இன்ஜினுக்குள் போகும். ‘சும்மா சோதனைக்கு’ என்று ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவதும் கூடாது. ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போதே காற்று வரும் குழாயையும் பாருங்கள். வண்டி சில நாள் நின்றால் எலி கூடு கட்டிவிடும். நிலக்கடலைத் தோலும் சாக்கு நாரும் குழாயை அடைத்திருப்பது கிராமத்து வண்டிகளில் புதிதல்ல.

டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்தாலோ கிளிப் நழுவினாலோ, இழுவை ஒரே நொடியில் போய்விடும். மிதிக்கும்போது ‘உஸ்’ என்று காற்றுக் கசியும் சத்தமும், கறும்புகையும் வரும். இன்ஜின் ஆறிய பிறகு ஹோஸை வளைத்துப் பாருங்கள். கசியும் இடத்தில் எண்ணெய் ஈரமும் அதன் மேல் தூசியும் ஒட்டியிருக்கும். கிளிப்பை முடுக்கினால் தீர்ந்துபோகும் இந்தக் குறைக்காக டர்போவை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது பானெட்டைத் திறந்து பார்த்தால் தோள் துண்டு, வேட்டி, சேலை முந்தானை எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகக் கூடாது.

டீசல்

கறும்புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால், இன்ஜினுக்கு டீசல் போதவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். புதிய வண்டிகளில் புகையை வடிகட்டும் அமைப்பு இருப்பதால், கறும்புகை வெளியே தெரியாமலும் போகலாம். எனவே, காற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டே இங்கு வாருங்கள்.

1. டேங்க் மூடி: இழுவை போனதும் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி நன்றாக ஓடினால், டேங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது.

2. ஃபில்டரில் தண்ணீர்: இன்ஜினை நிறுத்திவிட்டு, டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

3. ஃபில்டர்: எப்போது மாற்றியது என்பது நினைவில் இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். புது ஃபில்டர் சில நாளிலேயே அடைத்தால், குறை ஃபில்டரில் இல்லை, டேங்கில் இருக்கிறது.

4. டேங்க்: நிறுத்தி எடுத்தால் சரியாகி, மறுபடி ஏற்றத்தில் தளர்ந்தால், தனிக் கேன் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இதை மெக்கானிக்தான் செய்ய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய இன்ஜின்களில், ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்திப் பார்க்கும் பழக்கம் உண்டு. காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் டீசல் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கும். ஊசி முனை அளவுக் கசிவும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

புகைப் பக்கமும் மீட்டர் விளக்கும்

இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்து, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வண்டி போகவில்லை என்றால், பெரிய சேதத்தைத் தவிர்க்க இன்ஜினே தன் பலத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. சாவியை அணைத்துப் போட்டவுடன் சரியாகி, விளக்கோடு மறுபடி வந்தால் சென்சார், ஒயர், ஈ.ஜி.ஆர் வால்வு போன்ற இடங்களைப் பார்க்க வேண்டும். விளக்கு எரியாமல், சில நிமிடம் நிறுத்திய பிறகுதான் சரியாகிறது என்றால், டேங்க் அடைப்பின் மேல் சந்தேகம் கூடும். ஸ்கேனரில் வரும் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் எண்ணை மட்டும் அழித்தால், விளக்கு திரும்பவும் எரியும்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையான பி.எஸ்-6 டீசல் வண்டிகளில், புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. தோட்டத்துக்கும் ஊருக்கும் மட்டும் மெதுவாக, சிறிது தூரமே ஓடும் வண்டியில் இது அடைத்துக்கொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால், கையேட்டில் சொன்னபடி பெரிய சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால், கரி தானாக எரிந்துவிடும். அந்த நேரத்தில் வடிகட்டியின் உள்ளே சூடு 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். வண்டியைக் காய்ந்த சருகு, வைக்கோல், சோளத்தட்டை மேல் நிறுத்தாதீர்கள். களத்தில் தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

சில வண்டிகளில் நீல மூடி போட்ட இன்னொரு சிறிய டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவிகித யூரியா கரைசல். இது தீரும் நிலைக்கு வந்தால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும். தீர்ந்துவிட்டால் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளும் உண்டு. ‘யூரியாதானே’ என்று வயலுக்கு வாங்கிய மூட்டையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றாதீர்கள். வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. 2015 முதல் இது கட்டாயம். பையூரெட் போன்ற கலப்பும் உண்டு. போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது. இவை அந்த அமைப்பையே அடைத்துக் கெடுத்துவிடும். மானிய யூரியாவைப் பயிருக்கு அல்லாமல் வேறு வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றம். இந்தக் கரைசலைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால், சாவியைக்கூடப் போடாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

மலைச்சாலையில் தளர்ந்தால்

உடனே நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, வளைவைத் தவிர்த்து இடது ஓரம் ஒதுங்குங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரத்துக்குக் கல் அல்லது கட்டை வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை மறக்காமல் ஓரத்தில் எடுத்துப் போடுங்கள். பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்கு அது எமன்.

இன்ஜின் அணைந்துவிட்டால் ஸ்டீயரிங் கனமாகும். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக்கும் கடினமாகிவிடும். எனவே, அணைந்த இன்ஜினோடு பின்னால் உருட்டித் திருப்பிவிடலாம் என்று முயல வேண்டாம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும் கூடாது. சூடு ஏறியிருந்தால் ரேடியேட்டர் மூடியை அந்த நேரத்தில் திறக்காதீர்கள்.

கேனைச் சரியாக வைத்தால் பாதிக் கவலை தீரும்

பங்க்கில் நேரடியாக டேங்கில் நிரப்புவதே நல்லது. ஆயில் இன்ஜினுக்காகக் கேனில் வாங்க வேண்டியிருந்தால், அது இறுக்கமான மூடி உள்ள, டீசலுக்கு மட்டுமே பயன்படுத்தும் கேனாக இருக்கட்டும். பூச்சிமருந்து, எண்ணெய் இருந்த கேன் வேண்டாம். நிழலில், அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஊற்றும் முன் சில மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் உள்ள கடைசி அரை லிட்டரை வண்டிக்கு ஊற்றாமல் விடுங்கள். நார் பிரியும் பழந்துணியால் வடிகட்டாதீர்கள். கம்பி வலை வைத்த புனல் போதும். மண்ணெண்ணெய் கலப்பது, சாலையோரத்தில் மலிவாக விற்பதை வாங்கி ஊற்றுவது இரண்டும் பம்புக்குக் கேடு. பம்பின் உள்பாகங்களுக்கு டீசலே மசகு. அதில் வழவழப்புக் குறைந்தால் உலோகம் தேயும்.

டர்போ கெட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காற்று, டீசல், புகை மூன்றையும் பார்த்தும் குறை தீரவில்லை என்றால் டர்போவைப் பாருங்கள். நீலப் புகை, ஆயில் மட்டம் குறைந்துகொண்டே போவது, விசில் போன்ற புதிய சத்தம், ஹோஸுக்குள் ஆயில் தேங்குவது ஆகியவை இதன் அடையாளங்கள். மாற்றுவதற்கு முன், டர்போவின் சுழலும் தண்டு ஆடுகிறதா, அதன் இறக்கை உரசியிருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். கெட்டிருந்தால், ஏன் கெட்டது என்பதையும் கேளுங்கள். ஆயிலைக் காலத்தில் மாற்றாததோ, ஆயில் குழாய் அடைத்ததோ காரணம் என்றால், அதைச் சரிசெய்யாமல் போடும் புது டர்போவும் நிலைக்காது. ஏற்றம் ஏறி வந்ததும் இன்ஜினை உடனே அணைக்காமல், ஒன்றிரண்டு நிமிடம் ஓட விட்டு நிறுத்துவது டர்போவுக்கு நல்லது.

பட்டறைக்குப் போகும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை கிலோ லோடு, எந்த இடம், எந்த கியர், இரைச்சல் கூடியதா, புகை என்ன நிறம், எந்த விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரம் நிறுத்திய பிறகு சரியானது, கடைசியாக டீசல் எங்கே போட்டது, ஃபில்டர் எப்போது மாற்றியது. மெக்கானிக்குக் குறையைக் காட்ட வேண்டும் என்றால், லோடோடு, அதே ஏற்றத்துக்கு அழைத்துப் போங்கள். காலி வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு ‘இழுக்கவில்லை’ என்று சொன்னால், யாராக இருந்தாலும் ஊகித்துத்தான் சாமான் மாற்றுவார்கள்.

சுருளிப்பட்டி விவசாயிக்கு டேங்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டதோடு வேலை முடிந்தது. நகை அடகுக் கடைக்குப் போகவில்லை. அன்றைக்கே கம்பத்தில் மூடியோடு புதிய கேன் ஒன்று வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார்கள்.